கைச்செலவுக் காசும் ஐந்து பத்திக் கொப்பியும்
இணையத்தில் சிறுபணி செய்வோர் டென்மார்க்கில் அறிந்திருக்க வேண்டியவை

ஒவ்வொரு மார்ச் மாதமும் டெனிஷ் வரித்திணைக்களம் முந்தைய ஆண்டின் வரிக்கணக்கை வெளியிடும்போது, அல்பர்ட்ஸ்லுண்டில் எங்கள் சமையலறை மேசை ஒரு சிறு கந்தோராக மாறிவிடும். தெரிந்தவர்கள் கடிதங்களோடும் கைத்தொலைபேசியோடும் வந்து அமர்வார்கள். ஊரில் வணிகத்துறையில் படித்துக் கணக்கு எழுதிய பழக்கம் எமக்கு இங்கே இப்படித்தான் கைகொடுக்கிறது. அண்மைக் காலமாக ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: "இணையத்திலை சின்னச் சின்ன வேலை செய்து கொஞ்சக் காசு வந்தது. அதையும் காட்ட வேணுமோ அண்ணை?"

ஒரு தாய் வந்தபோது கேள்வி வேறாக இருந்தது. மகளின் பள்ளிச் சுற்றுலாவுக்குக் கைச்செலவு சேர்க்கவென்று கைத்தொலைபேசியில் ஒரு "வேலை"யைத் தொடங்கியிருந்தார். முதல் நாள் 80 குரோனர் வந்தது. பத்தாம் நாள் 4,000 குரோனர் அவரிடமிருந்து போயிருந்தது. வீட்டில் எவருக்கும் சொல்லவில்லை. காசு போனதைவிட, அதைச் சொல்ல முடியாமல் இருந்ததே அவரை வாட்டியது.

இந்த இரண்டு கேள்விகளுக்குமான விடையை ஒரே இடத்தில் எழுதி வைப்பது நல்லதென நினைக்கிறோம்.

சிறுபணி என்பது என்ன?

கணினியால் தனித்துச் செய்ய முடியாத சிறு வேலைகளைத் துண்டுதுண்டாகப் பிரித்து, இணையத்தின் ஊடாகப் பலரிடம் கொடுப்பதே சிறுபணி. படத்தில் உள்ள பொருளைக் குறித்தல், ஆய்வுக் கேள்விகளுக்குப் பதிலளித்தல், ஒலிப்பதிவை எழுத்தாக்குதல், ஒரு வாக்கியத்தை வாசித்துப் பதிவு செய்தல், புதிய இணையத்தளம் ஒன்றைப் பயன்படுத்திப் பார்த்துக் குறை சொல்லுதல் போன்றவை இதில் அடங்கும்.

அமேசான் நிறுவனம் 2005இல் தொடங்கிய "மெக்கானிக்கல் டேர்க்" இத்துறையில் பெயர் பெற்றது. 1770இல் வியன்னா அரசவையில் காட்டப்பட்ட சதுரங்கம் ஆடும் இயந்திரத்தின் பெயர் அது. இயந்திரம் ஆடுவதாகச் சனம் வியந்தது. உண்மையில் உள்ளே ஒரு மனிதர் ஒளிந்திருந்தார். இன்றைய செயற்கை நுண்ணறிவுக்குள்ளும் இப்படிப் பல்லாயிரம் பேர் ஒளிந்திருக்கிறார்கள்.

பல்கலைக்கழக ஆய்வுகளுக்கு ஆட்களைச் சேர்க்கும் "புரொலிஃபிக்" 2014இல் ஒக்ஸ்போர்ட்டில் தொடங்கியது. டென்மார்க்கில் வாழ்வோரும் இதில் சேரலாம். 18 வயது நிறைந்திருக்க வேண்டும். "யூகவ்" போன்ற கருத்துக்கணிப்பு நிறுவனங்கள் காசுக்குப் பதிலாகப் புள்ளிகள் தருகின்றன.

தமிழில் குரல் பதிவு கேட்கும் பணிகளும் வருகின்றன. இவற்றில் இரண்டைக் கவனிக்க வேண்டும். மொசில்லாவின் "கொமன் வொய்ஸ்" போன்றவை தன்னார்வப் பணிகள். மொழிக்குச் செய்யும் தொண்டாக அவற்றைச் செய்யலாம், காசு வராது. காசு தரும் பணியென்றால், குரலை எதற்குப் பயன்படுத்துவார்கள், எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள் என்பதை ஒப்பந்தத்தில் வாசித்த பின்னரே பேச வேண்டும். கடவுச்சொல்லை மாற்றலாம், குரலை மாற்ற முடியாது.

மணிக்கு எவ்வளவு?

"வீட்டிலிருந்தே மாதம் 20,000 குரோனர்" என்ற விளம்பரத்தை முதலில் மறந்துவிடுங்கள். மெக்கானிக்கல் டேர்க்கில் 2,676 பேர் செய்த 38 இலட்சம் பணிகளை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வின்படி, அவர்களின் இடைநிலை வருமானம் மணிக்கு ஏறத்தாழ 2 டொலர். மணிக்கு 7.25 டொலருக்கு மேல் உழைத்தவர்கள் 4 சதவீதம் மட்டுமே. பணியைத் தேடும் நேரம், பாதியில் நிராகரிக்கப்படும் பணி ஆகியவற்றுக்குக் கூலி இல்லை என்பதே இதற்கு முக்கிய காரணம்.

புரொலிஃபிக் மணிக்குக் குறைந்தது 6 பவுண் தர வேண்டுமென ஆய்வாளர்களுக்கு விதித்திருக்கிறது. நமது காசில் அது சுமார் 50 குரோனர். வரி போக 30 குரோனர் மிஞ்சும். பெரிய பிளாஸ்டிக் போத்தல் ஒன்றைக் கடை இயந்திரத்தில் போட்டால் 3 குரோனர் வைப்புப் பணம் திரும்பக் கிடைக்கும். ஆகவே ஒரு மணிநேரச் சிறுபணி பத்துப் போத்தலுக்குச் சமன். டென்மார்க்கில் சட்டம் விதித்த குறைந்தபட்சச் சம்பளம் இல்லை. தொழிற்சங்க ஒப்பந்தங்களே சம்பளத்தைத் தீர்மானிக்கின்றன. அப்படி ஒப்பந்தம் உள்ள துப்புரவு வேலையில் ஒரு மணிநேரத்துக்கு இதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் கிடைக்கும். அதனோடு விடுமுறைப் பணமும் ஓய்வூதியமும் சேரும்.

இதைச் செய்ய வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. குழந்தை தூங்கும் நேரத்திலும் ரயிலில் கொப்பன்ஹேகன் போகும் நேரத்திலும் செய்யலாம். கைச்செலவுக்கு உதவும். அடுப்பெரிக்க உதவாது.

வரி: சிறிது என்று விலக்கு இல்லை

வெளிநாட்டு நிறுவனம் தரும் 200 குரோனரும் வருமானமே. பரிசு அட்டையாக வந்தாலும் அதன் பெறுமதி வருமானம்தான். சம்பளத்தில் முதலாளி வரியைக் கழித்துவிடுவார். இங்கே கழிக்க எவரும் இல்லை. ஆண்டு வரிக்கணக்கிலும் அது தானாக வந்து நிற்பதில்லை. நாமே எழுத வேண்டும்.

100 குரோனர் கிடைத்தால் தொழிற்சந்தைப் பங்களிப்பு 8 குரோனர். மீதி 92இல் நகரசபை வரியும் அரச வரியும் சேர்ந்து சுமார் 37 சதவீதம் போகும். மிஞ்சுவது 60 குரோனருக்குச் சற்றுக் குறைவு. ஆண்டுக்கு ஆண்டு, ஆளுக்கு ஆள் கழிவுகள் மாறுவதால் இதை ஓர் அளவுகோலாக மட்டும் கொள்க. வருமானம் தொடர்ந்து வருமென்று தெரிந்தால் வருட நடுவிலேயே முற்கணிப்பு வரிக்கணக்கில் சேர்த்துவிட்டால், பின்னர் மொத்தமாகக் கட்ட வேண்டி வராது. ஆண்டுக் கணக்கைத் திருத்தும் கடைசி நாள் மே 1. முந்தைய ஆண்டுகளில் விடுபட்டதையும் மூன்று ஆண்டுகள் வரை நாமாகவே இணையத்தில் திருத்தலாம். ஒழுங்கான தொழிலாகச் செய்து 12 மாதத்தில் 50,000 குரோனரைத் தாண்டினால் மதிப்புக்கூட்டு வரிக்கும் பதிய வேண்டும்.

"ஆருக்குத் தெரியப் போகுது?" என்பவர்களுக்கு ஒரு செய்தி. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி, 2023ஆம் ஆண்டிலிருந்து இணையத் தளங்கள் தமது ஊடாகச் சேவை வழங்கி உழைத்தோரின் விபரங்களை வரித்திணைக்களங்களுக்கு அறிவிக்கின்றன.

உதவிப்பணம் பெறும் குடும்பங்கள்

நாம் மிகவும் கவலைப்படுவது இந்த இடத்தில்தான். வேலையில்லாக் காப்புறுதிப் பணம் பெறுவோர் சிறுபணியையும் தமது காப்புறுதி நிதியத்துக்கு அறிவிக்க வேண்டும். அது மணிநேரமாகக் கணக்கிடப்பட்டு உதவியில் கழிபடும். நகரசபை உதவிப்பணத்தில் கணவன் மனைவி இருவரின் வருமானமும் பார்க்கப்படும். சுகயீனப் பணம் பெறும் காலத்தில் செய்த அரைமணி வேலையும் அறிவிக்கப்பட வேண்டியதே. மாணவர் உதவிப்பணத்துக்கு ஆண்டு வருமான எல்லை உண்டு. வாடகை உதவி முழுக் குடும்பத்தின் வருமானத்தையும் பொறுத்தது. முதியோர் ஓய்வூதியம் பெறுவோருக்கு 2023இலிருந்து ஒரு நிம்மதி: தாம் உழைக்கும் காசுக்காக ஓய்வூதியம் குறைக்கப்படுவதில்லை. ஆனால் வரி உண்டு.

அறிவிக்காத 3,000 குரோனர், பின்னர் திருப்பிச் செலுத்தும் கடிதமாக வரும். அதைக் கட்டாமல் விட்டால் அரசுக்குச் செலுத்த வேண்டிய நிலுவையாகிறது. நிரந்தர வதிவிடத்துக்கும் குடியுரிமைக்கும் விண்ணப்பிப்போருக்கு அத்தகைய நிலுவை தடையாக வரும். பல ஆண்டுகள் காத்திருந்த ஒரு குடும்பம் கைச்செலவுக் காசுக்காக அந்த வரிசையில் பின்னுக்குப் போகலாமா? உதவிப்பணம் பெறுபவர் முதலில் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிய பின்னரே தொடங்குவது புத்தி.

காசு கேட்கும் வேலை வேலையல்ல

அந்தத் தாய்க்கு நடந்ததன் ஒழுங்கு எங்கும் ஒன்றுதான். வட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ தெரியாத எண்ணிலிருந்து செய்தி வரும். காணொளிக்கு விருப்பக்குறி இடுவது, தங்குவிடுதிக்கு நட்சத்திரம் இடுவது வேலை. முதலில் சிறு தொகை உண்மையாகவே வரும். பின்னர் "கூடிய இலாபம் தரும் பணி"க்கு நாம் முற்பணம் கட்ட வேண்டும். திரையில் இலாபம் வளரும். எடுக்கப் போனால் "வரி கட்டினால்தான் விடுவிப்போம்" என்பார்கள்.

அமெரிக்க வணிக ஆணையத்துக்கு இத்தகைய முறைப்பாடுகள் 2023 முழுவதும் சுமார் 5,000. 2024இன் முதல் ஆறு மாதத்தில் மட்டும் சுமார் 20,000. மறுமுனையில் தட்டச்சு செய்பவர் யார் என்பதும் எமக்கு வலிக்க வேண்டிய விடயம். கணினி வேலை என்று நம்பிப் போன இலங்கை இளைஞர்கள் மியன்மாரின் மியாவடிப் பகுதி முகாம்களில் அடைக்கப்பட்டு, இதே போன்ற மோசடிகளைச் செய்யும்படி வதைக்கப்பட்டார்கள். 2024இல் சிலர் மீட்கப்பட்டு நாடு திரும்பினர்.

இன்னொரு வகை பிள்ளைகளைக் குறிவைக்கிறது. "உன் வங்கிக் கணக்குக்குக் காசு வரும், நீ அனுப்பிவிடு, பத்து வீதம் உனக்கு" என்பார்கள். அது பணச்சலவை. டென்மார்க்கில் 15 வயதிலேயே குற்றப்பொறுப்பு தொடங்குகிறது. வங்கி அட்டையையும் மிற்ஐடியையும் எந்த வேலைக்காகவும் எவருக்கும் கொடுக்கலாகாது என்பதைப் பிள்ளைகளுக்கு இன்றே சொல்லி வையுங்கள்.

ஏமாந்துவிட்டால் முதலில் வங்கிக்கு அழைத்துக் கணக்கை முடக்குங்கள், மிற்ஐடியையும் முடக்குங்கள், பின்னர் 114க்கு அழைத்துப் பொலிசில் முறையிடுங்கள். உரையாடல்களை அழிக்க வேண்டாம், அவைதான் சாட்சி.

ஐந்து பத்திக் கொப்பி

ஒரு சாதாரண கொப்பியை எடுத்து ஐந்து பத்திகள் கீறுங்கள்: திகதி, தந்த நிறுவனம், செலவான நேரம் (தேடிய நேரமும் சேர்த்து), வந்த தொகை அந்த நாணயத்தில், அன்றைய மாற்று வீதப்படி குரோனரில். மாதக் கடைசியில் தொகையை நேரத்தால் வகுத்துப் பாருங்கள். வரிக்கும் நகரசபைக்கும் காட்ட வேண்டிய ஆதாரமும் அதுவே, இந்த வேலை பெறுமதியானதா என்று சொல்லும் தராசும் அதுவே. "நாம் கட்டியது" என்று ஆறாவது பத்தி ஒன்று தேவைப்படும் நாளில் அந்த வேலையை விட்டுவிடுங்கள்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள் எம்மவர். ஆற்றிலிருந்து எடுப்பதையும் அளந்துதான் எடுக்க வேண்டும். அந்தத் தாய் இப்போது அப்படி ஒரு கொப்பி வைத்திருக்கிறார். சென்ற மாதம் உழைத்தது 310 குரோனர். கணவருக்கும் காட்டியிருக்கிறார்.