பெயரும் கட்டமும்: பதிவேடு முதல் கணினி வரை

வரலாறு என்பது மன்னர்கள் நடத்திய போர்களையும் எழுப்பிய கோட்டைகளையும் மட்டும் கூறுவதன்று. அரசுப் பதிவேட்டில் ஒரு சொல் மாறியதும் வரலாறே. அச்சொல்லைச் சுமந்து வாழ்ந்த மக்களுக்கு அது போரினும் பெரிய நிகழ்ச்சியாகும்.

1922ஆம் ஆண்டு சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் பெருந்தலைவர் எம். சி. ராஜா அவர்கள் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். அரசு ஆவணங்களில் ‘பஞ்சமர்’, ‘பறையர்’ என எழுதப்பட்டு வந்ததை நீக்கித் தமிழ் மாவட்டங்களில் ‘ஆதிதிராவிடர்’ எனவும், தெலுங்கு மாவட்டங்களில் ‘ஆதி ஆந்திரர்’ எனவும் எழுதவேண்டும் என்பதே அத்தீர்மானம். அவ்வாண்டே அரசாணையும் பிறந்தது. பிறர் இட்ட பெயரை விடுத்து, நாம் வேண்டிய பெயரால் நம்மை எழுதும் நிலை அன்று தோன்றியது.

ஆயினும் நம் முன்னோர் அனைவரும் ஒரே பெயரை விரும்பினர் எனக் கருதுதல் பிழையாகும். இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் 1893இல் தாம் தொடங்கிய இதழுக்குப் ‘பறையன்’ என்றே பெயர் சூட்டினார். பிறர் இழிவாகச் சொன்ன பெயரை அவர் தலைநிமிர்ந்து சொன்னார். அயோத்திதாசப் பண்டிதரோ ‘சாதிபேதமற்ற திராவிடர்’ என்னும் பெயரை முன்வைத்தார். பெயரில் வேறுபட்ட இப்பெரியோர் ஒன்றில் ஒன்றுபட்டனர். நாம் யார் என்பதை நாமே சொல்லவேண்டும் என்பதே அது.

இப்பழங்கதைக்கும் கணினிக்கும் என்ன தொடர்பு என இளைஞர்கள் வினவலாம். தொடர்பு உண்டு. அன்று எழுத்தர் கையிலிருந்த பதிவேடு இன்று மென்பொருளாக மாறியுள்ளது. கட்டம் போடுபவர் மாறினார், கட்டம் மாறவில்லை.

1890ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹெர்மன் ஹோலரித் என்பவர் உருவாக்கிய துளையட்டை இயந்திரம் பயன்பட்டது. கணினியின் முன்னோடிகளுள் அதுவும் ஒன்று. மனிதர் ஒவ்வொருவரும் ஓர் அட்டை. அவர்தம் விவரம் ஒவ்வொன்றும் ஒரு துளை. அக்கணக்கெடுப்பில் கலப்பில் பிறந்தோரிடம் கறுப்பினக் குருதி அரைப் பங்கோ, கால் பங்கோ, அரைக்கால் பங்கோ என்று பிரித்து எழுதினர். ஒருவர் ஓர் இனத்துக்கு மேற்பட்டவராகத் தம்மைக் குறித்துக்கொள்ளும் உரிமை அந்நாட்டுக் கணக்கெடுப்பில் 2000ஆம் ஆண்டில்தான் கிட்டியது. இயந்திரம் விரைந்து வளர்ந்தது. கட்டம் விரிய நூற்றுப்பத்து ஆண்டுகள் ஆயின.

நம் நாட்டிலும் இந்நிலை உண்டு. 2011 கணக்கெடுப்பில்தான் ஆண், பெண் என்னும் இரண்டோடு ‘பிறர்’ என்னும் பிரிவும் இடம்பெற்றது. 4,87,803 பேர் அதில் பதிவாயினர். 2014 ஏப்ரல் 15 அன்று உச்சநீதிமன்றம் மூன்றாம் பாலினத்தாரின் உரிமையை ஏற்றுத் தீர்ப்பளித்தது. அதன் பின்னரும், காவல் உதவி ஆய்வாளர் பணிக்கு விண்ணப்பித்த திருநங்கை பிரித்திகா யாஷினி அவர்களின் விண்ணப்பம் தள்ளுபடியாயிற்று. அவ்விண்ணப்பத்தில் அவருக்கென ஒரு கட்டம் இல்லை. 2015இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 2017இல் அவர் பணியேற்றார். ஒரு கட்டம் இல்லாமையால் ஒருவர் நீதிமன்றப் படியேற வேண்டியதாயிற்று.

பெயரையே எடுத்துக்கொள்வோம். கணினி விண்ணப்பங்கள் பலவற்றில் ‘குடும்பப் பெயர்’ என்னும் கட்டத்தருகே சிவப்பு நட்சத்திரக் குறி இருக்கும். அதனை நிரப்பாமல் மேற்செல்ல இயலாது. தமிழருக்கோ தலைப்பெழுத்து உண்டேயன்றிக் குடும்பப் பெயர் இல்லை. 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கத் தீர்மானித்தது. முன்னோர் துறந்த வாலை இக்கட்டம் மீண்டும் கேட்கிறது. அதனை அமைத்தவர் தீயவர் அல்லர். தம் வீட்டு வழக்கமே உலக வழக்கம் என எண்ணிவிட்டார்.

இங்கு என் பிழையொன்றையும் கூறவேண்டும். நான் மாணவனாயிருந்தபோது, “ஸ்காலர்ஷிப் பிள்ளைகள் எழுந்து நில்லுங்கள்” என்பார் ஆசிரியர். தலைகுனிந்து நிற்போம். ஆசிரியரான முதலாண்டில் நானும் அதே சொற்களைச் சொன்னேன். ஒரு சிறுவன் எழவில்லை. உதவித்தொகை வேண்டாதவன் என்று கருதி அவன் பெயரை விட்டுவிட்டேன். பின்னர் அவன் தாய் வந்து அழுதபோதுதான், அவன் வேண்டாதது பணத்தையன்று, எழுந்து நிற்பதையே என்பது விளங்கிற்று. உதவித்தொகைக்குச் சமூக விவரம் தேவை. அதை வகுப்பறை முழுதும் அறியத் தேவையில்லை. இன்று அப்பட்டியல் கணினித் திரையில் விரிகிறது. அத்திரையை யார் காணலாம் என்பதை முடிவு செய்வது மென்பொருளே.

எனவே மென்பொருள் கற்கும் நம் பிள்ளைகள் சிலவற்றை மனத்திற் கொள்ளவேண்டும். தேவையற்றதைக் கேளாதீர். பெயருக்கு ஒரே கட்டம் போதும்; அவரவர் எழுதும் முறையிலேயே எழுதட்டும். பட்டியலில் அடங்காதவர் தம் சொல்லால் எழுத இடம் விடுங்கள். சொல்ல விரும்பாதவரைக் கட்டாயப்படுத்தாதீர். இன்று எழுதியதை நாளை திருத்த வழி வையுங்கள். சாதி விவரத்தைச் சலுகைக்கென வாங்கினால், அதற்குரிய அலுவலர் மட்டுமே காணுமாறு பூட்டி வையுங்கள்.

இளைஞர்களே! இச்சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், நம் வீடுகளிலிருந்தும் நிரல் எழுதுவோர் தோன்றிவருகின்றனர். பிறர் போட்ட கட்டத்துள் அடைபட்டோரின் மக்கள் இன்று தாமே கட்டம் போடும் இடத்துக்கு வந்துள்ளனர். நமக்கு இழைக்கப்பட்டதை நாம் பிறர்க்கு இழைத்தல் கூடாது. நீங்கள் அமைக்கும் திரையின் முன் என்றேனும் ஒரு சிறுவன் வந்து அமர்வான். அவன் எழுந்து நிற்காமலே தன் உரிமையைப் பெறட்டும்.