வாயில் நுழையாத சொற்கள்

"இஸ்கூலுக்கு நேரமாச்சு, கெளம்புய்யா!" என்பார் அப்பா. "இஸ்கூல் இல்லப்பா, ஸ்கூல்!" என்று பிள்ளை சிரிப்பான். நம் நெகிரி செம்பிலான் தோட்டத்து லயங்களில் இந்தச் சிரிப்பைக் கேட்காதவர் யார்? அப்பா படிக்காதவர், அதனால்தான் நாக்கு புரளவில்லை என்று பிள்ளை நினைக்கிறான். வரலாறோ வேறு கதை சொல்கிறது.

தமிழில் எந்தச் சொல்லும் மெய்யெழுத்தில் தொடங்காது. ஆகவே நம் நாக்கு முன்னால் ஓர் உயிரெழுத்தைச் சேர்த்துக்கொள்கிறது. பிரெஞ்சுக்காரரும் இதையேதான் செய்தார்கள். இலத்தீன் மொழியின் 'ஸ்கோலா' அவர்கள் வாயில் 'எஸ்கோல்' ஆகி, பின்பு 'எகோல்' ஆயிற்று. 1511-இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துகீசியரின் 'எஸ்கோலா'வே மலாயில் 'செகோலா' ஆனது. அப்படியானால் அப்பாவின் 'இஸ்கூல்' மட்டும் எப்படிக் குற்றமாகும்?

1674-இல் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் குடியேறினர். அவர்களுடைய நீண்ட சொற்களைக் கண்டால் யாருக்கும் தலை சுற்றும். அரசாங்கம் என்பதற்கு அவர்கள் எழுதும் சொல்லில் 12 எழுத்துகள்! ஆனால் பிரித்துப் பார்த்தால் கு-வெர்-ன-மான் என்று நான்கே அசைகள். கடைசி எழுத்து ஒலிப்பதே இல்லை. அதற்கு முன்னுள்ளது மூக்கொலியாக நின்றுவிடும். இரண்டு உயிர்களுக்கு நடுவே ஒரு மெய் வந்தால் அது பின்னதோடு சேரும். இரண்டு மெய் வந்தால் பெரும்பாலும் ஆளுக்கொன்றாகப் பிரியும். நம் பிள்ளைகள் மலாய் வகுப்பில் 'சுகு காத்தா' பிரிக்கும் முறையும் ஏறக்குறைய இதுவே. சி-ரம்-பான் என்று சொல்லிப் பாருங்கள், விளங்கும்.

புதுச்சேரியில் ஆளுநர் துய்ப்ளெக்சுக்குத் துபாஷியாக இருந்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை (1709-1761). 1736 முதல் ஏறத்தாழ 25 ஆண்டுகள் தமிழில் நாட்குறிப்பு எழுதியவர். துய்ப்ளெக்ஸ் பெயரின் கடைசி எழுத்து ஒலிக்கும். 1746-இல் சென்னையைப் பிடித்த தளபதி லபூர்தொனேயின் பெயரிலோ கடைசி எழுத்து ஒலிக்காது. எழுத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்து போவோம். காதுதான் வழிகாட்ட வேண்டும். பிள்ளையவர்களும் பிரெஞ்சுப் பெயர்களைத் தமிழ் எழுத்துக்குள் அடக்கித்தான் எழுதினார். அவரை யாராவது படிக்காதவர் என்பார்களா?

பிரெஞ்சுக்காரர் மட்டும் நம் சொற்களை அப்படியே சொன்னார்களா? நம் புதுச்சேரி அவர்கள் வாயில் 'பொந்திஷேரி' ஆனது. நம் வெட்டிவேர் 'வெத்திவேர்' என்று அவர்களுடைய அகராதியிலேயே ஏறிவிட்டது. அதைக் கேட்டு நாம் சிரித்தோமா?

மாணவச் செல்வங்களே! நீளமான சொல்லைக் கண்டு பயப்படாதீர்கள். அசை அசையாய்ப் பிரியுங்கள், காதால் கேளுங்கள், வாய்விட்டுச் சொல்லுங்கள். எந்த மொழியையும் அந்த மொழிக்குரிய ஒலியோடு பேசப் பழகுங்கள். அதற்காகத்தானே உங்கள் பெற்றோர் விடியுமுன் எழுந்து பால்மரம் சீவி உங்களைப் படிக்க வைத்தார்கள்! ஆனால் அவர்களுடைய பேச்சைக் கேட்டு மட்டும் சிரிக்காதீர்கள். அவர்கள் நாக்கு தமிழின் சட்டப்படி நடக்கிறது.

பெற்றோர்களே! நீங்களும் கூச்சப்பட வேண்டாம். 'இஸ்கூல்' என்றே சொல்லுங்கள். பிள்ளையை மட்டும் தவறாமல் அனுப்பி வையுங்கள்.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!