சேலம் சூனிய வழக்கும் மௌனத் திரையும்: கிரிஃபித்தின் 'ரோஸ் ஓ சேலம் டவுன்' (1910)

முன்னுரை

அமெரிக்க இயக்குநர் டி. டபிள்யூ. கிரிஃபித், பயோகிராப் நிறுவனத்திற்காக 1910இல் உருவாக்கிய ஒற்றைச்சுருள் மௌனப்படம் 'ரோஸ் ஓ சேலம் டவுன்'. மாசசூசெட்ஸ் குடியேற்றத்தைச் சேர்ந்த சேலத்தில், பியூரிட்டன் எனப்படும் தூய்மைவாதக் கிறித்தவரிடையே 1692இல் எழுந்த சூனியக் குற்றச்சாட்டுகளின் நினைவே இதன் பின்புலம். படம் வரலாற்றிலிருந்து எவ்வாறு விலகுகிறது, அவ்விலகலால் எவருடைய பொறுப்பு மறைகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

படத்தின் கதை

தாயுடன் வாழும் இளம்பெண் ஒருத்தியைச் சமயப் பெரியவர் ஒருவர் விரும்புகிறார். அவள் மறுக்கவே, தாய், மகள் இருவர்மீதும் சூனியப் பழி சுமத்துகிறார். தாய் எரித்துக் கொல்லப்படுகிறாள். மகளை அவளுடைய காதலனான வேட்டைக்காரன், பூர்வகுடியினர் துணையுடன் மீட்கிறான்.

ஆவணங்கள் தரும் செய்தி

சேலத்தில் எவரும் எரிக்கப்படவில்லை. ஆங்கிலேயச் சட்ட மரபில் சூனியத்திற்குரிய தண்டனை தூக்கு. 1692 ஜூன் 10 முதல் செப்டம்பர் 22 வரை 14 பெண்களும் 5 ஆண்களும் தூக்கிலிடப்பட்டனர். விசாரணைக்கு உடன்பட மறுத்த கைல்ஸ் கோரி என்னும் முதியவர் கற்பாரம் ஏற்றிக் கொல்லப்பட்டார்.

குற்றம் சாட்டப்பட்டவரின் ஆவியுரு தம்மை வதைப்பதாகச் சிறுமியரும் பெண்களும் சாட்சியம் அளித்தனர். அவ்வுரு சாட்சியரின் கண்களுக்கு மட்டுமே புலப்பட்டது. எனினும் வில்லியம் ஸ்டவுட்டன் தலைமையிலான சிறப்பு நீதிமன்றம் அதனைச் சான்றாக ஏற்றது. குற்றத்தை ஒப்புக்கொண்டு அதில் நிலைத்தவர் எவரும் தூக்கிலிடப்படவில்லை, மறுத்தவர்களே மாண்டனர். ஆளுநர் வில்லியம் ஃபிப்ஸ் அக்டோபரில் அந்நீதிமன்றத்தைக் கலைத்தார். ஆவியுருச் சான்று விலக்கப்பட்ட 1693ஆம் ஆண்டு விசாரணைகளில் பெரும்பாலோர் விடுதலை பெற்றனர்.

விலகலின் பொருள்

ஒருவர் மட்டுமே கண்ட உருவம் சொல்லால் நிலைநாட்டப்படுவது. பேச்சற்ற திரைக்கோ அனைவரும் காணும் காட்சி தேவை. காமமும் தீயும் அத்தகைய காட்சிகள். ஆனால் இம்மாற்றத்தால், நீதிமன்றம் ஏற்ற சான்றுமுறையின் பிழை தனியொருவரின் வஞ்சமாகச் சுருங்குகிறது. எல்லைப்புறத்தில் பூர்வகுடியினருடன் நடந்த போர் தந்த அச்சமும் 1692இன் பின்னணியில் இருந்ததை மேரி பெத் நார்ட்டன் 2002இல் வெளியிட்ட நூலில் விரிவாக நிறுவினார். படத்தில் அதே பூர்வகுடியினர் மீட்பர்களாக வருவதால் அவ்வச்சத்திற்கும் இடமில்லாமற் போகிறது.

முடிவுரை

நீதிபதிகளுள் ஒருவரான சாமுவேல் சீவால், 1697இல் தேவாலயத்தில் எழுந்துநின்று, தம் பழியை ஏற்கும் அறிக்கையைப் பிறர்முன் வாசிக்கச் செய்தார். தண்டிக்கப்பட்டோர் பலரின் குடும்பங்களுக்கு 1711இல் இழப்பீடு அளிக்கப்பட்டது. குற்றம் நிறுவனத்தினுடையது என்பதை இவ்விரு செயல்களும் உணர்த்துகின்றன. வஞ்சகர் ஒருவரை மட்டும் காட்டும் படத்தில், நேர்மையாளர் எனக் கருதப்பட்டோர் முறைப்படி கூடி இழைத்த அநீதி பதிவாகவில்லை. எனவே இத்தகைய படங்களை 1692க்குரிய சான்றாகக் கொள்வதினும், 1910ஆம் ஆண்டுச் சமூகம் அந்நிகழ்வை நினைவுகூர விரும்பிய முறைக்குரிய சான்றாகக் கொள்வதே பொருந்தும்.