சேலம், நாமக்கல் வட்டாரத்தின் வெளிநாட்டு விமான வழிகள்

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் பன்னாட்டு விமான நிலையம் கிடையாது. ஓமலூரை அடுத்த காமலாபுரத்தில் உள்ள சேலம் விமான நிலையம் உள்நாட்டுச் சேவைக்கு மட்டுமே உரியது. இமிகிரேஷன் பிரிவோ சுங்கமோ அங்கு இல்லை. ஆகவே இவ்வட்டாரத்தார் வெளிநாடு செல்லத் திருச்சி, கோயம்புத்தூர், பெங்களூரு, சென்னை, கொச்சி ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. சேலத்திலிருந்து சாலை வழியே திருச்சி சுமார் 140 கி.மீ., கோவை விமான நிலையம் 150, பெங்களூரு விமான நிலையம் 230, சென்னை 340. நாமக்கல்லில் இருந்து திருச்சிக்குச் சுமார் 90 கி.மீ.தான். பெரும்பாலோர் பார்ப்பது தூரத்தையும் டிக்கெட் விலையையும். இரண்டையும் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் பயணங்கள் பெரும்பாலும் கெட்டுப்போவது விமானம் மாறும் இடங்களில், அதிலும் எல்லைச் சோதனையைத் தாண்டி மாற வேண்டிய இடங்களில். எத்தனை இடத்தில் மாறுகிறோம், அங்கே தாமதமானால் பொறுப்பு யாருடையது என்ற கேள்வியை வைத்தே விமான நிலையத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இந்தியாவை விட்டு வெளியேறும் முத்திரை, கடைசியாக எந்த ஊரிலிருந்து வெளிநாட்டுக்குப் புறப்படுகிறோமோ அங்கே விழுகிறது. திரும்பும்போது, பொதுவாக முதலில் தரையிறங்கும் இந்திய ஊரிலேயே இமிகிரேஷனும் சுங்கமும் முடிய வேண்டும். சென்னையில் இறங்கிச் சேலத்துக்கு உள்நாட்டு விமானம் பிடிப்பவர் சென்னையிலேயே பெட்டிகளை எடுத்து, சுங்கம் கடந்து, மறுபடியும் ஒப்படைத்தாக வேண்டும். இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் இருந்து, முதல் விமானம் தாமதமாகி அடுத்தது தவறினால், வேறு விமானத்தில் அனுப்பிவைப்பது பொதுவாக விமான நிறுவனத்தின் வேலை. இந்தியா 2009-இல் ஏற்ற மான்ட்ரியல் உடன்படிக்கையும், ஒரே ஒப்பந்தமாகக் கருதப்பட்ட பயணத்தைப் பல நிறுவனங்கள் பகிர்ந்து நடத்தினாலும் ஒரே பயணமாகவே எடுத்துக்கொள்கிறது. தனித்தனியாக வாங்கிய இரண்டு டிக்கெட்டுகளுக்கு அந்தக் காப்பு கிடைக்காது. கோலாலம்பூரை எடுத்துக்கொள்ளலாம். திருச்சியிலிருந்து அங்கு செல்லும் ஏர் ஏசியா இரண்டாம் முனையத்தில் இறங்குகிறது. பாத்திக் ஏர் முதல் முனையத்தில். ஒன்றில் வந்து இன்னொன்றில் தனி டிக்கெட்டில் ஏறுபவர், மலேசிய இமிகிரேஷனைக் கடந்து பெட்டியை எடுத்து, ரயிலிலோ பேருந்திலோ அடுத்த முனையத்துக்குப் போய், மீண்டும் வரிசையில் நின்று நாட்டை விட்டு வெளியேற வேண்டும். மலேசியாவுக்குள் நுழையும் தகுதியே இல்லாத ஒருவருக்கு இந்த வழி அடைபட்டதுதான். டிக்கெட் விலையை மட்டும் பார்த்து வாங்கியவருக்கு இந்தச் சிக்கல் கண்ணில் படுவதே இல்லை.

இந்தக் கணக்கின்படி கிழக்கே செல்பவர்களுக்குத் திருச்சியே முதல் தேர்வு. சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு ஆகியவற்றுக்கு அங்கிருந்து நேரடி விமானங்கள் உண்டு. 2025 மார்ச் முதல் யாழ்ப்பாணத்துக்கும் உண்டு. திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்குப் பறக்கும் ஸ்கூட் நிறுவனம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் குழுமத்தைச் சேர்ந்தது என்பதால் ஆஸ்திரேலியா வரை ஒரே டிக்கெட்டில் போக வழி கிடைக்கிறது. புதிய முனையம் 2024 ஜனவரி 2-இல் திறந்துவைக்கப்பட்டு, அவ்வாண்டு ஜூனில் பயன்பாட்டுக்கு வந்தது. நாமக்கல்லிலிருந்து தொட்டியம், முசிறி, குணசீலம் வழியாகக் காவிரியின் வடகரையை ஒட்டிச் செல்லும் சாலை நெடுஞ்சாலை வேகத்துக்கு உரியதல்ல. போதாததற்கு விமான நிலையம் நகருக்கு அப்பால் புதுக்கோட்டைச் சாலையில் இருப்பதால் ஊரைக் கடக்கும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சங்ககிரி, பள்ளிபாளையம் பக்கத்தவருக்குக் கோவைதான் எளிது. நிலையம் நகரின் கிழக்கு வாசலில், அவிநாசி சாலையிலேயே இருப்பதால் ஊருக்குள் நுழைய வேண்டியதில்லை. கோவையிலிருந்து சிங்கப்பூர், ஷார்ஜா, 2024 ஆகஸ்டில் தொடங்கிய அபுதாபி என வழிகள் சில மட்டுமே. மேற்கு மண்டலத்தில் இத்தனை தொழில் இருந்தும் இது பெருகாததற்கு ஒரு காரணம், நாடுகளுக்கு இடையேயான விமானச் சேவை ஒப்பந்தங்கள். ஒப்பந்தத்தில் பெயர் குறிக்கப்பட்ட ஊர்களுக்கு மட்டுமே அந்தந்த நாட்டு நிறுவனங்கள் பறக்க முடியும். இந்தத் தடை நீங்க வேண்டும் என்ற கொங்கு மண்டலத்தின் கோரிக்கை முற்றிலும் நியாயமானது.

பெங்களூரில் விமானங்களும் அதிகம், போட்டியால் விலையும் குறைவு, பிறகு திருச்சி எதற்கு என்று கேட்கலாம். ஐரோப்பா, அமெரிக்கா செல்பவர்களுக்கு இந்த வாதம் சரிதான். லண்டன், ஃபிராங்க்ஃபர்ட், பாரிஸ் நகரங்களுக்கு அங்கிருந்து நேரடி விமானம் இருப்பதால் மாற்றம் ஒன்று குறைகிறது. ஆனால் விமான நிலையம் அமைந்த தேவனஹள்ளி பெங்களூரின் வடக்கே இருக்கிறது, நாம் வருவதோ தெற்கிலிருந்து. தொப்பூர் கணவாயில் லாரி ஒன்று கவிழ்ந்தாலே சில மணி நேரம் போய்விடும். அதைத் தாண்டி ஓசூர் சேர்ந்தாலும் சில்க் போர்டு, ஹெப்பாள் சந்திப்புகளின் நெரிசல் காத்திருக்கிறது. அத்திப்பள்ளியிலேயே பிரிந்து சர்ஜாபூர், ஹொசகோட்டை வழியே சுற்றிப்போவது பலருக்கு உசிதமாக இருக்கும். அமெரிக்கா செல்பவருக்கு அபுதாபி வழியில் ஒரு தனி வசதி உண்டு: 2014 முதல் அமெரிக்க எல்லைச் சோதனை அங்கேயே முடிந்துவிடுவதால், அமெரிக்காவில் உள்நாட்டுப் பயணியைப் போல இறங்கலாம். இதற்கு நேர்மாறானது அமெரிக்கா வழியாகக் கனடாவோ தென்னமெரிக்காவோ செல்வது. விமானம் மாறுவதற்குக்கூட அங்கே இந்தியருக்கு விசா வேண்டும். லண்டன் வழியாகச் செல்பவர் பிரிட்டனின் இடைவழி விசா விதியைப் பார்த்தே டிக்கெட் வாங்க வேண்டும்.

சேலம் விமான நிலையம் இருக்கும்போது அண்டை மாவட்டங்களை நம்புவானேன் என்ற மனத்தாங்கல் உள்ளூரில் பரவலானது, அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் அதன் ஓடுபாதை ஏறத்தாழ 1,800 மீட்டர், ஏ.டி.ஆர். போன்ற சிறு விமானங்களுக்குத்தான் அது போதும். சேவையும் நிலையாக இருந்ததில்லை. உடான் திட்டத்தில் 2018 மார்ச்சில் தொடங்கிய சென்னை விமானம் 2021-இல் நின்று, 2023 அக்டோபரில்தான் மறுபடியும் விமானங்கள் வந்தன. சென்னை வழியாக ஒரே நிறுவனத்தின் ஒரே டிக்கெட் கிடைத்தால் காமலாபுரம் நல்ல வழிதான். தனி டிக்கெட்டானால் அந்த ஒரு விமானம் ரத்தாகும் நாளில் வெளிநாட்டு டிக்கெட்டும் வீணாகும். அதைவிட முந்தின இரவே ரயிலேறிவிடுவது மேல்.

திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் ரிக்கோடு ஆப்பிரிக்கா செல்லும் தொழிலாளர்களுக்குத் திரும்பிவரும் எல்லையும் முக்கியம். பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் எத்தியோப்பியன் நிறுவனம் அடிஸ் அபாபாவுக்குப் பறப்பதால் ஒரே மாற்றத்தில் போய்ச்சேரலாம். ஆனால் கென்யா, கானா உட்பட மஞ்சள் காய்ச்சல் பட்டியலில் உள்ள நாடுகளிலிருந்து தடுப்பூசிச் சான்று இல்லாமல் வருபவரை, எந்த விமான நிலையத்தில் இறங்கினாலும், ஆறு நாள் வரை தனிமைப்படுத்தும் அதிகாரம் இந்தியச் சுகாதார அலுவலர்களுக்கு உண்டு. ஊசி போட்டு பத்து நாள் கழித்தே சான்று செல்லுபடியாகும். 2016 முதல் அது ஆயுள் முழுவதும் செல்லும். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் அந்த ஊசி போடுகிறார்கள். ஆளைக் கூட்டிப்போகும் ரிக் முதலாளிகள் டிக்கெட் எடுப்பதற்கு முன்பே அதை முடித்துவிட வேண்டும்.