தலைப்பாகையிலிருந்து கரைவேட்டி வரை: சென்னை மாகாணத்தில் ஆண்களின் சபை உடை

வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையும் தமிழ் ஆண்களின் பரம்பரை உடை என்று சொல்லிப் பழகிவிட்டோம். வேட்டி பழையதுதான். ஆனால் தைத்த சட்டையோடு சேர்ந்து, நாலு பேர் கூடும் சபைக்கு ஏற்ற உடை என்ற தகுதியை அது பெற்றது இருபதாம் நூற்றாண்டில்தான். அதற்கு முன் உத்தியோகம் பார்த்த ஒருவர் வெறும் சட்டையோடு மேலதிகாரி முன் போய் நின்றால் அது அரைகுறை உடுப்பாகவே எண்ணப்பட்டிருக்கும். கோட்டு வேண்டும், தலைப்பாகை கட்டாயம் வேண்டும். அந்தக் கோட்டும் தலைப்பாகையும் எப்படிப் போயின, வேட்டி மட்டும் எப்படி நின்றது, அதன் மரியாதை யாருக்குக் கிடைத்தது, யாருக்கு மறுக்கப்பட்டது என்பதே இக்கட்டுரையின் பொருள். வேட்டிக்குச் சபையில் இடம் வாங்கிக் கொடுத்தது அதன் பழமையைவிட அரசியல்தான் என்பது என் முடிவு.

கிழக்கிந்தியக் கம்பெனியின் தொடக்ககால அதிகாரிகள் பலர் உள்ளூர் உடைகளை விரும்பி அணிந்தவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த வழக்கம் ஒடுங்கியது. கம்பெனி ஊழியர்கள் பொது நிகழ்ச்சிகளில் இந்திய உடை அணியக் கூடாது என்று 1830-ல் தடை வந்தது. ஆள்பவருக்கும் ஆளப்படுபவருக்கும் இடையே பார்த்தவுடன் தெரியும் வேறுபாடு இருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஆகவே இந்தியர்கள் ஐரோப்பிய உடைக்கு மாறுவதையும் ஆட்சியாளர்கள் தொடக்கத்தில் விரும்பவில்லை.

மோதல் முதலில் பாதத்தில் வெடித்தது. ஐரோப்பியர் மரியாதைக்குத் தொப்பியைக் கழற்றுவார், காலணியைக் கழற்றமாட்டார். இந்தியர் காலணியைக் கழற்றுவார். தலைப்பாகையை எடுப்பது அவருக்கு அவமானம். இந்தியர்கள் செருப்பில்லாமல்தான் தங்கள் முன் வர வேண்டும் என்று அதிகாரிகள் நெடுங்காலம் வற்புறுத்தினார்கள். ஐரோப்பிய வகைக் காலணி அணிந்த வங்காளத்துக் கனவான்கள் அவற்றோடே அரசு நிகழ்ச்சிகளுக்கு வரலாம் என்று 1854-ல் ஒரு தீர்மானம் இடமளித்தது. அப்படியும் 1862-ல் சூரத் நீதிமன்றத்தில் பார்சி ஒருவர் காலணியைக் கழற்ற மறுத்தது பெரிய வழக்காயிற்று. சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி தி. முத்துசாமி ஐயரின் பளிங்குச் சிலை அந்த வளாகத்திலேயே இருக்கிறது. உட்கார்ந்த கோலம்; பாதங்கள் வெறுமையாக இருக்கின்றன. மாகாணத்தின் உச்ச நீதி ஆசனத்தில் அமர்ந்தவரை அப்படி வடித்ததில் அக்காலத்தவர் யாருக்கும் உறுத்தல் இருந்ததாகத் தெரியவில்லை.

உடல் முழுவதும் ஒரே நாளில் மாறிவிடவில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். சென்னையில் மாற்றம் முதலில் பிடித்துக்கொண்டது நெஞ்சையும் தோளையும்தான். கீழே பஞ்சகச்சம், மேலே கழுத்துவரை பொத்தான் இட்ட கோட்டு, தோளில் அங்கவஸ்திரம், தலையில் தலைப்பாகை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குமாஸ்தா, பள்ளிக்கூட வாத்தியார், வக்கீல், தாசில்தார் எல்லோருக்கும் ஏறக்குறைய இதுதான் உடை. துணியின் தரமும் ஜரிகையின் அகலமும் மட்டுமே பதவியைக் காட்டின. நாம் அறிந்த பாரதி படங்களில் இருப்பதும் இந்தக் கோட்டும் தலைப்பாகையும்தான். அன்னிய ஆட்சியை எதிர்த்துத் தீயாக எழுதியவருக்குக் கோட்டு அன்னியமாகப் படவில்லை. அதற்குள் அது ஊர் உடையாகிவிட்டிருந்தது.

தலையின் கதை வேறு. 1914 மார்ச்சில் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறுமுன் கணிதமேதை ராமானுஜன் குடுமியை எடுத்துக் கிராப் வைத்துக்கொண்டார். கால்சட்டையும் பூட்ஸும் அவருக்குச் சென்னையிலேயே ஏற்பாடாயின. வைதீகக் குடும்பம் ஒன்றுக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை இன்று முழுதாக உணர்வது கடினம். 1930-ல் ஸ்டாக்ஹோமில் நோபல் பரிசு பெற நின்ற சி.வி. ராமன், கழுத்துக்குக் கீழே ஐரோப்பியச் சம்பிரதாய உடையை முறைப்படி அணிந்திருந்தார். தலையில் மட்டும் தலைப்பாகை. விட்டுக்கொடுக்கலாம் என்பதற்கும் கூடாது என்பதற்கும் நடுவே அவர் கழுத்தில் ஒரு கோடு கிழித்துக்கொண்டார். ஆனால் அவருக்குப் பின் வந்த தலைமுறை அந்தக் கோட்டையும் அழித்துவிட்டது. குடுமி போய்க் கிராப் வந்ததும் தலைப்பாகைக்கு வேலை குறைந்தது. இன்று தமிழ்நாட்டில் அதைப் பணியின் பொருட்டு அணிபவர்கள் பெரும்பாலும் உயர் பதவியினருக்கு முன்னே நடந்து வழிவிலக்கும் தபேதார்களும் நட்சத்திர ஓட்டல் வாசலில் கார்க் கதவு திறப்பவர்களும்தான். திவான்களும் நீதிபதிகளும் கழற்றிவைத்த மகுடம் அவர்களுடைய ஏவலர் தலைக்கு இறங்கியிருக்கிறது. உடை வரலாற்றில் அடிக்கடி நடப்பது இது. மேல்தட்டு கைவிட்ட சம்பிரதாயம் பணியாளரின் சீருடையாக மிஞ்சுகிறது.

1921 செப்டம்பர் 22 அன்று மதுரை மேலமாசி வீதியில் ஒரு வீட்டில் தங்கியிருந்த காந்தி, சட்டையையும் தொப்பியையும் விட்டு முழங்காலளவுத் துணிக்கு மாறினார். அன்னியத் துணியை விடச் சொன்னால், கதர் வாங்கக் காசில்லை என்று ஏழைகள் சொன்ன பதில் அவரை உலுக்கியிருந்தது. அக்டோபர் முடியும்வரை என்று தொடங்கிய விரதம் ஆயுள்வரை நீண்டது. அவருடைய முழங்கால் துணியைப் பின்பற்றியவர்கள் மிகக் குறைவு. ஆனால் கோட்டை விட்டால் மரியாதை குறையாது என்ற எண்ணம் பரவியது. அதுவே பெரிய உடைப்பு. ஒத்துழையாமை இயக்கத்துக்காகக் கோர்ட்டை விட்டு வெளியேறிய வக்கீல்களும் பட்டணத்துப் படித்தவர்களும் கதர் வேட்டி, கதர்ச் சட்டை, தோளில் துண்டு என்ற உடைக்கு வந்தபோது, அதுவரை வீட்டுக்குள் இருந்த எளிமை மேடைக்கு ஏறியது. காங்கிரஸை எதிர்த்த நீதிக்கட்சியிலும் பிட்டி தியாகராயர் 'வெள்ளுடை வேந்தர்' என்றே பெயர் பெற்றவர். வெள்ளைக்கு ஒரு கட்சி மட்டும் சொந்தக்காரர் இல்லை.

இதோடு நிறுத்தினால் வரலாறு அழகாக முடிந்துவிடும். ஆனால் உண்மை பாதியில் நிற்கும். சட்டையைக் கழற்றுவது தியாகம் என்றால், சட்டை போட உரிமையுள்ளவருக்குத்தான் அது தியாகம். 1930 டிசம்பரில் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். மானிடவியலாளர் ஜே.எச். ஹட்டன் சாதி பற்றிய தம் நூலில் அவற்றைப் பதிவு செய்திருக்கிறார். அவற்றில் ஆண்களின் உடை பற்றியவை இவை: ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி கட்டக் கூடாது. இடுப்புக்கு மேலே உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் எதுவும் கூடாது. கிராப் வைக்கக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது. செருப்பு அணியக் கூடாது. அடுத்த ஆண்டு தடைகள் பதினொன்றாகின. இந்தப் பட்டியலை மெதுவாகப் படித்தால் ஒன்று புலப்படும். அக்காலத்து உத்தியோகஸ்தரின் முழு உடுப்பையும் ஒவ்வொன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தடை போட்டிருக்கிறார்கள். நீ சபைக்கு வரவே கூடாது என்பதை உடையின் மொழியில் சொன்ன கட்டளை இது.

இந்தப் பின்னணியில்தான் 1931 லண்டன் வட்டமேசை மாநாட்டைப் பார்க்க வேண்டும். ஒரே அவையில் காந்தி அரை உடையோடும் அம்பேத்கர் கோட்டு சூட்டோடும் அமர்ந்தார்கள். அம்பேத்கரின் உடையை மேல்நாட்டு மோகம் என்று எழுதியவர்கள் ராமநாதபுரத்துத் தடைகளைப் படித்திருக்கமாட்டார்கள். வேட்டியின் நீளம், கட்டும் விதம், கரை எல்லாமே சாதியைச் சொல்லிவிடும். பேண்ட்டின் நீளம் எல்லோருக்கும் கணுக்கால்தான். தமிழகத்தில் படித்து வெளியேறிய முதல் தலைமுறை பேண்ட்டை இவ்வளவு விரைவாகத் தழுவியதற்கு ஐரோப்பிய ஆசையைவிட இது வலுவான காரணம் என்று நான் கருதுகிறேன். தோளில் கிடந்த துண்டை ஊர்ப் பெரியவர் முன் இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டியிருந்த ஒருவரின் பேரன், டக்-இன் செய்து பெல்ட் போட்டு அலுவலகம் போவதை வெறும் நாகரிகம் என்று சுருக்க என்னால் முடியவில்லை.

விடுதலைக்குப் பின் இரண்டு உடைகளும் இரண்டு உலகங்களைப் பங்கிட்டுக்கொண்டன. கோப்பு பார்ப்பவர் பேண்ட்டுக்குப் போனார்; ஓட்டு கேட்பவர் வேட்டியில் நின்றார். 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்த காமராஜர் தளர்ந்த கதர்ச் சட்டையோடும் வேட்டியோடும் கோட்டைக்கு வந்தார். எதிரே நின்ற ஐ.ஏ.எஸ். அதிகாரிகள் முழுக்கால் சட்டையில் இருந்தார்கள். உடையில் எளியவர் யாரோ அவரே அதிகாரத்தில் மூத்தவர் என்ற தலைகீழ் ஒழுங்கு அப்போது நிலைபெற்றது. வெள்ளையின் ஆதிக்கத்தை உடைக்க 1945-ல் பெரியார் கருஞ்சட்டையைக் கொண்டுவந்தார். அவர் கைலி கட்டி மேடையேறியதும் சபை உடை பற்றிய கருத்துக்கு ஓர் அடிதான். திராவிட இயக்கத்தின் தனிப் பங்களிப்பு என்று நான் சொல்வது கரைவேட்டியை. வேட்டியின் ஓரத்தில் விரலளவுக் கரை. கறுப்பு சிவப்பு என்றால் தி.மு.க., நடுவில் வெள்ளை சேர்ந்தால் அ.தி.மு.க. கஞ்சி போட்டு விறைப்பாகத் தேய்த்து, நடக்கும்போது கரை முன்பக்கம் நேராக விழும்படி கட்டுவார்கள். மெல்லிய சட்டைப் பையில் தலைவர் படம் நிழலாகத் தெரியும். எந்த அலுவலக வாசலிலும் அந்தக் கரையைப் பார்த்தால் நாற்காலி ஒன்று நகரும். சாதியைச் சொன்ன துணி கட்சியைச் சொல்லத் தொடங்கியதை முன்னேற்றம் என்றே எண்ணுகிறேன். கட்சியை மாற்றிக்கொள்ள முடியும்.

பேண்ட்டின் வெற்றிக்குத் துணியும் உதவியது. 1960-களிலும் 70-களிலும் டெரிலினும் டெரிகாட்டனும் வந்தபின், ஒரு பேண்ட்டை வாரம் முழுதும் மடிப்புக் கலையாமல் போட முடிந்தது. வெள்ளை வேட்டிக்குத் தினமும் வெளுப்பும் இஸ்திரியும் வேண்டும். சம்பளக்காரருக்கு அது கட்டுப்படியாகாது. கல்யாண வீடுகளும் இந்தப் பங்கீட்டை ஏற்றுக்கொண்டன. மாலை ரிசப்ஷனில் கோட்டு சூட்டு, மறுநாள் முகூர்த்தத்தில் பட்டு வேட்டி. ஒரே மாப்பிள்ளை பன்னிரண்டு மணி நேரத்துக்குள் இரண்டு சம்பிரதாயங்களுக்கும் கடன் கழித்துவிடுகிறார்.

சட்டமன்றமும் கல்யாண மண்டபமும் வேட்டியை ஏற்ற பின்னும் ஏற்காத இடம் ஒன்று இருந்தது: கிளப். 1832-ல் தொடங்கிய மெட்ராஸ் கிளப் வெள்ளையருக்கு மட்டுமானது. இந்தியரும் ஐரோப்பியரும் சேர்ந்து அமர 1873-ல் காஸ்மாபாலிட்டன் கிளப் உருவானது. ஆட்சி கைமாறியபின் கிளப்புகளின் நாற்காலிகளில் இந்தியர்கள் அமர்ந்தார்கள். விதிப் புத்தகம் மட்டும் மாறவில்லை. தனியார் சங்கம் என்பதால் அரசின் கை அங்கே நீளவுமில்லை. 2014 ஜூலை 11 அன்று, ஓய்வுபெற்ற தலைமை நீதிபதி ஒருவரின் நூல் வெளியீட்டுக்காகச் சேப்பாக்கத்தில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் கிளப்புக்குச் சென்றார் உயர் நீதிமன்ற நீதிபதி து. அரிபரந்தாமன். வேட்டி கட்டியிருந்ததால் அவர் உள்ளே விடப்படவில்லை. பணியில் இருந்த நீதிபதி ஒருவர், தம் மாநிலத் தலைநகரில், தம் மாநில உடைக்காக வாசலில் திருப்பி அனுப்பப்பட்டார். சட்டமன்றத்தில் கட்சி வேறுபாடின்றிக் கண்டனம் எழுந்தது. அடுத்த மாதமே, பொது இடங்களில் உடையைக் காரணம் காட்டி நுழைவைத் தடுப்பதை நீக்கும் சட்டம் நிறைவேறியது. தமிழ்ப் பண்பாட்டைக் காட்டும் வேட்டியையோ வேறு இந்திய மரபு உடையையோ அணிந்தவரைத் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். கிளப்பின் உரிமமும் போகலாம்.

இந்தச் சட்டம் வெறும் உணர்ச்சி அரசியல் என்ற விமர்சனத்தை நான் ஏற்கவில்லை. நீதிமன்றம் என்ற, கிளப்பைவிடக் கண்டிப்பான இடத்திலேயே வேட்டிக்குத் தடையில்லை. இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் விதிகள், கறுப்புக் கோட்டுக்கும் வெள்ளைப் பட்டைக்கும் கீழே முழுக்கால் சட்டையோ வேட்டியோ அணிய இடம் தருகின்றன, ஜீன்ஸைத்தான் விலக்குகின்றன. பஞ்சகச்சமும் கோட்டுமாக வாதாடிய அந்தக் காலத்து வக்கீல்களின் உடை அந்த விதியில் இன்னும் உயிரோடு இருக்கிறது. 2019 மே மாதம் தலைமைச் செயலக ஊழியர்களுக்கு வந்த அரசாணையும், ஆண்கள் சட்டையோடு பேண்ட்டோ வேட்டியோ அணியலாம் என்றது. அதே ஆண்டு அக்டோபரில் மாமல்லபுரத்தில் சீன அதிபரை வரவேற்ற பிரதமர் வேட்டி, சட்டை, அங்கவஸ்திரத்தில் நின்றார். நூற்றாண்டுக்கு முன் கோட்டில்லாமல் முழுமை பெறாத உடை இப்போது அயல்நாட்டு அதிபர் முன்னிலையில் முழு உடையாகிவிட்டது.

ஆனால் இந்த ஏற்புக்குள்ளும் ஒரு படிநிலை இருக்கிறது. சட்டம் பெயர் சொல்லிக் காப்பது வேட்டியை. தமிழ்நாட்டில் உழைக்கும் ஆண்கள் பலர் அன்றாடம் கட்டுவது கைலி. முஸ்லிம் வீடுகளில் அது வீட்டுடை. மீன்பிடித் துறையிலும் தறிக்கூடத்திலும் சந்தையிலும் அதுவே வேலை உடை. அதை அணிந்து எந்த அலுவலகத்துக்கும் போக முடியாது, எந்தக் கல்யாண மண்டபத்திலும் முன்வரிசையில் உட்கார முடியாது. மூட்டிய கைலிக்கும் மூட்டாத வேட்டிக்கும் துணியளவில் வேறுபாடு மிகச் சிறிது. வெள்ளைக்குக் கிடைத்த மரியாதை வண்ணக் கட்டத்துக்குக் கிடைக்காததில் மதமும் வர்க்கமும் எவ்வளவு பங்கு வகிக்கின்றன என்பதே இந்த ஆய்வு அடுத்துச் செல்ல வேண்டிய திசை.