முழங்காலில் பாதியை மட்டும் மாற்றலாமா?

படிக்கட்டு ஏறும்போது கைப்பிடியைத் தேடும் முதியவர்களை நாம் அன்றாடம் காண்கிறோம். தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை என்கிறார்கள். மூட்டுத் தேய்ந்துவிட்டது, மாற்றிவிடலாம் என்கிறார் மருத்துவர். தேய்ந்தது மூட்டின் ஒரு பக்கம் மட்டுமே என்றால் முழு மூட்டையும் ஏன் எடுக்க வேண்டும்? கெட்டுப்போன பாதியை மட்டும் மாற்றினால் போதாதா?

எளிய கேள்விதான். ஆனால் இதற்கு விடை காண மருத்துவ உலகுக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு தேவைப்பட்டது. இதில் ஒரு விந்தையும் உண்டு. ஒரே அறுவையை ஒரு கணக்கு வெற்றி என்றது. மற்றொரு கணக்கு தோல்வி என்றது. இரண்டும் பொய்க் கணக்குகள் அல்ல. அப்படியானால் பிழை எங்கே இருந்தது?

மூட்டின் அமைப்பு

முழங்கால் கதவுக் கீல் போன்றது என்று பலர் எண்ணுகிறோம். அது சரியன்று. தொடை எலும்பின் கீழ்முனையில் உட்புறம் ஒன்றும் வெளிப்புறம் ஒன்றுமாக இரண்டு உருண்டைப் புடைப்புகள் உள்ளன. இவை கீழே உள்ள எலும்பின் ஏறத்தாழத் தட்டையான மேல்முகத்தில் உருளவும் செய்கின்றன, வழுக்கவும் செய்கின்றன. முன்புறத்தில் முழங்கால் சில்லு இருக்கிறது. ஆக, மூட்டில் உட்பகுதி, வெளிப்பகுதி, சில்லுப் பகுதி என மூன்று அறைகள் உள்ளன. எலும்புகள் விலகாமல் தசைநார்கள் கட்டிப் பிடித்திருக்கின்றன. பலருக்கு முதலில் தேய்வது உட்பகுதியே.

உருண்டையான பொருளைத் தட்டையான பலகைமீது வைத்தால் தொடும் பரப்பு மிகச் சிறிது. விசையைப் பரப்பால் வகுத்தால் அழுத்தம் கிடைக்கும் என்பது பள்ளிப் பாடம். சமதளத்தில் நடக்கும்போதே முழங்கால்மீது உடல் எடையைப் போல் 2 முதல் 3 மடங்கு விசை விழுகிறது. 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவரின் முழங்கால் 120 முதல் 180 கிலோகிராம் வரையிலான சுமையைத் தாங்க வேண்டும். இச்சுமையைப் பரவச் செய்வதற்காக இயற்கை இடையில் பிறை வடிவக் குருத்துகளை வைத்திருக்கிறது. அவை அசையக்கூடியவை என்பதை நினைவில் கொள்க. இச்செய்தி பின்னால் தேவைப்படும்.

தொடக்க முயற்சிகள்

1890-இல் பெர்லின் நகரில் தெமிஸ்டோக்ளிஸ் குளுக் என்ற அறுவை மருத்துவர், காசநோயால் அழிந்த முழங்காலுக்குத் தந்தத்தால் ஆன கீல் ஒன்றைப் பொருத்தினார். நோய்த் தொற்று மீண்டும் தலைதூக்கியதால் அம்முயற்சி நிலைக்கவில்லை. 1950-களில் கனடாவின் மக்கின்டாஷ், அமெரிக்காவின் மக்கீவர் ஆகியோர் தேய்ந்த பக்கத்தில் மட்டும் உலோகத் தட்டு ஒன்றைச் செருகிப் பார்த்தனர். பகுதி மாற்று என்னும் எண்ணம் இவ்வாறு முளைவிட்டது.

திருப்பம் இடுப்பு மூட்டிலிருந்து வந்தது. இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி 1962-இல் உலோகப் பந்தையும் பாலிஎத்திலீன் கிண்ணத்தையும் இணைத்து உராய்வு குறைந்த இடுப்பு மூட்டை உருவாக்கினார். அவரிடம் பயிற்சி பெற வந்த கனடியர் பிராங்க் கன்ஸ்டன், மருத்துவத்திற்கு முன் பொறியியல் பயின்றவர். அதே உலோகத்தையும் பிளாஸ்டிக்கையும் அவர் முழங்காலுக்குக் கொண்டுவந்தார். முழங்கால் ஒரே அச்சில் சுழல்வதில்லை என்பதை உணர்ந்து, தசைநார்களை அப்படியே விட்டுவிட்டு, இரு பக்கங்களுக்கும் தனித்தனித் துண்டுகளை அமைத்தார். அவரது கட்டுரை 1971-இல் வெளிவந்தது. அடுத்துச் சில ஆண்டுகளில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் லியோனார்ட் மார்மர், ஒரு பக்கத்துக்கு மட்டுமே பொருத்தும் மூட்டைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்.

ஆனால் 1970-களின் இறுதியில் அமெரிக்காவிலிருந்து வந்த செய்திகள் ஊக்கமளிப்பனவாக இல்லை. முழு மூட்டு மாற்று வேகமாக முன்னேறிக்கொண்டிருந்தது. பகுதி மாற்றைக் கைவிடுவதே நல்லது என்று பல மருத்துவர்கள் முடிவு செய்தனர்.

ஆக்ஸ்போர்டில் இருவர்

ஆக்ஸ்போர்டில் ஜான் குட்ஃபெல்லோ என்ற எலும்பு அறுவை மருத்துவரும் ஜான் ஓ'கானர் என்ற பொறியியல் அறிஞரும் இச்சிக்கலை வேறு கோணத்தில் பார்த்தனர். பிளாஸ்டிக்கைத் தட்டையாக வைத்தால் தொடு பரப்புச் சிறிது, விரைவில் தேயும். குழிவாக வைத்தால் பரப்புப் பெரிது. ஆனால் மூட்டு வழுக்க முடியாது. வழுக்க முடியாத விசை, எலும்பில் ஒட்டியுள்ள அடித்தட்டை அசைத்துப் பெயர்த்துவிடும். ஒன்றைச் சரிசெய்தால் மற்றொன்று கெடுகிறது.

அவர்கள் கண்ட விடை, பிளாஸ்டிக் துண்டை எதிலும் ஒட்டாமல் விட்டுவிடுவது! அதன் மேற்புறம் குழிவு. கோள வடிவ உலோகம் அதில் முழுமையாகப் பொருந்தும். அடிப்புறம் தட்டை, தட்டையான உலோகத் தகட்டின்மீது அது வழுக்கும். இரு புறமும் முழுப் பரப்பும் தொடுகிறது, அசைவும் தடைப்படவில்லை. இயற்கையின் பிறைக் குருத்து செய்யும் வேலையும் இதுதானே! இம்மூட்டு 1976-இல் முதலில் இரு பக்கங்களுக்கும், 1982 முதல் உட்பக்கத்துக்கு மட்டும் பயன்பட்டது. பின்னர் அளந்தபோது பிளாஸ்டிக்கின் தேய்வு ஆண்டுக்குச் சராசரி 0.03 மில்லிமீட்டர் அளவிலேயே இருந்தது.

எல்லா முழங்கால்களுக்கும் இது பொருந்தவில்லை. 1992-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வின்படி, முன் குறுக்குத் தசைநார் நன்றாக இருந்தவர்களுக்கு 6 ஆண்டுகளில் 95 விழுக்காடு மூட்டுகள் நிலைத்தன. அத்தசைநார் பழுதுபட்டவர்களுக்கோ 81 விழுக்காடே. யாருக்குப் பொருத்துவது என்பது எதைப் பொருத்துவது என்பதற்கு இணையான கேள்வியாயிற்று. 1998-இல் மர்ரே, குட்ஃபெல்லோ, ஓ'கானர் மூவரும் 143 முழங்கால்களின் கணக்கைத் தந்தனர். 10 ஆண்டுகளுக்குப் பின் 98 விழுக்காடு நிலைத்திருந்தன.

முரண்பட்ட கணக்குகள்

உருவாக்கியவர்களே சொல்லும் கணக்கை அப்படியே ஏற்கலாமா? ஸ்வீடன் நாடு 1975 முதலே முழங்கால் மாற்று அறுவைகளை நாடு தழுவிய பதிவேட்டில் குறித்து வருகிறது. 1995-இல் அப்பதிவேட்டில் இருந்த 699 ஆக்ஸ்போர்டு மூட்டுகளை ஆராய்ந்தனர். 6 ஆண்டுகளில் அவற்றுக்குத் தேவைப்பட்ட மறு அறுவை, மார்மர் மூட்டுக்குத் தேவைப்பட்டதைப் போல் இரு மடங்குக்கும் மேல்! ஆனால் அதே ஸ்வீடனின் ஷெவ்டே நகரில், உருவாக்கியவர்களோடு தொடர்பில்லாமல் எடுத்த கணக்கு 2001-இல் வெளிவந்தது. 124 முழங்கால்களில் 10 ஆண்டு நிலைப்பு 95 விழுக்காடு.

அதே ஆண்டில் பதிவேடே விளக்கம் தந்தது. ஆண்டுக்கு 23-க்கு மேல் இவ்வறுவையைச் செய்த மருத்துவமனைகளில் மறு அறுவை குறைவு. எப்போதோ ஒன்று செய்த இடங்களில் மிகுதி. ஒட்டாத பிளாஸ்டிக் துண்டு இடம் பெயராமலிருக்கத் தசைநார்களின் இறுக்கம் சரியாக அமைய வேண்டும். அதற்குக் கைப்பழக்கம் தேவை. வடிவமைப்பின் சிறப்பே பழகாத கைகளில் அதன் பலவீனமாகவும் ஆனது.

எதை எண்ணுகிறோம்?

இதற்குப் பின்னும் நாடு தழுவிய கணக்குகளில் பகுதி மாற்றுக்கு மறு அறுவை மிகுதியாகவே இருந்தது. 2010-இல் குட்ஃபெல்லோவும் உடன் பணியாற்றியோரும் இந்த எண்ணிக்கையையே கேள்விக்கு உட்படுத்தினர்.

வீட்டில் இரண்டு விளக்குகள் இருப்பதாகக் கொள்வோம். ஒன்று கைக்கு எட்டும் உயரத்தில். மற்றொன்று ஏணி போட்டு ஏற வேண்டிய உயரமான கூரையில். கைக்கு எட்டும் விளக்குச் சற்றே மினுக்கினாலும் உடனே மாற்றிவிடுகிறோம். கூரை விளக்கு எவ்வளவு மங்கினாலும் பொறுத்துக்கொள்கிறோம். மாற்றிய தடவைகளை மட்டும் எண்ணினால் கூரை விளக்கே உயர்ந்தது என்று தோன்றும். அது உண்மையா?

பகுதி மூட்டில் வலி தொடர்ந்தால் அதை முழு மூட்டாக மாற்றிவிடலாம்; எலும்பு பெரும்பாலும் மிச்சம் இருக்கிறது. முழு மூட்டை மீண்டும் திறப்பது கடினம். ஆகவே நோயாளியும் மருத்துவரும் தயங்குவர். நியூசிலாந்துப் பதிவேடு இதைத் தெளிவாக்கியது. மிக மோசமான நிலையில் இருந்த பகுதி மூட்டுகளில் 63 விழுக்காடு மறு அறுவைக்கு வந்தன. அதே அளவு மோசமான முழு மூட்டுகளில் 12 விழுக்காடே வந்தன. எஞ்சியவர்கள் வலியோடு வாழ்ந்தனர். ஆனால் பதிவேட்டில் அவர்கள் வெற்றியாக எண்ணப்பட்டனர்.

இந்த நிலையை எதைக்கொண்டு அளந்தனர்? நோயாளியையே கேட்டனர். 1998-இல் உருவான ஆக்ஸ்போர்டு முழங்கால் மதிப்பெண் 12 எளிய கேள்விகள் கொண்டது. படி இறங்க முடிகிறதா? மண்டியிட்டு எழ முடிகிறதா? கடைக்குச் சென்று வர முடிகிறதா? இரவில் வலிக்கிறதா? இன்றைய வழக்கில் 48 என்பது மிகச் சிறந்த நிலை. மேலே சொன்ன மோசமான நிலை என்பது 20-க்கும் குறைந்த மதிப்பெண்.

தராசின் இரு தட்டுகள்

2014-இல் இங்கிலாந்து, வேல்ஸ் பதிவேட்டிலிருந்து ஏறத்தாழ 1,01,000 நோயாளிகளை வயது, உடல்நிலை முதலியவற்றால் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். 100 பேருக்கு முழு மூட்டுக்குப் பதில் பகுதி மூட்டுப் பொருத்தினால், முதல் 4 ஆண்டுகளில் ஏறத்தாழ ஓர் இறப்புக் குறையும். மூன்று மறு அறுவைகள் கூடும் என்று கணக்கிட்டனர். ஒரு தட்டில் ஓர் உயிர்; மறு தட்டில் மூன்று பேர் மீண்டும் கத்திக்கு உட்படும் துன்பம். மறு அறுவையை மட்டும் எண்ணியிருந்தால் முதல் தட்டு நம் கண்ணில் பட்டிருக்காது.

பதிவேடுகளில், யாருக்கு எது என்று மருத்துவர் தேர்ந்தெடுத்ததன் சாயல் இருக்கும். அதை நீக்கச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் நோயாளிகளைப் பிரிக்கும் சோதனை ஒன்று பிரிட்டனில் 27 இடங்களில், 528 பேரைக்கொண்டு நடந்தது. 5 ஆண்டு முடிவுகள் 2019-இல் வந்தன. பகுதி மூட்டுப் பெற்றவர்களின் சராசரி மதிப்பெண் 38. முழு மூட்டுப் பெற்றவர்களுக்கு 37. வேறுபாடு இல்லை என்றே சொல்லலாம். பகுதி மாற்றுக்குச் செலவு குறைவு. இவ்வறுவையில் நன்கு பழகிய மருத்துவர்களே இதில் பங்கேற்றனர் என்பதையும் மறக்கக் கூடாது.

ஆக, நம் கேள்விக்கு விடை இதுதான். தேய்வு ஒரு பக்கத்தோடு நின்றிருந்தால், தசைநார்கள் நன்றாக இருந்தால், செய்பவர் அடிக்கடி செய்து பழகியவராக இருந்தால், பாதியை மட்டும் மாற்றலாம். நம் வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு இத்தகைய முடிவெடுக்கும் நேரம் வரக்கூடும். மூட்டு எத்தனை ஆண்டு நிலைக்கும் என்று மட்டும் கேட்டு நின்றுவிட வேண்டாம். ஆண்டுக்கு எத்தனை செய்கிறீர்கள், செய்துகொண்டவர்கள் இன்று படி ஏறுகிறார்களா, வலியின்றி உறங்குகிறார்களா என்றும் கேட்போம். ஆய்வுக்கூடத்தில் மாணவர்களுக்கு நான் சொல்வதும் இதுவே: அளவு எடுக்கத் தொடங்குமுன், நாம் அறிய விரும்புவதைத்தான் அளக்கிறோமா என்று பாருங்கள்.