கோழி இனத்தேர்வு

கால் நிறம், இறகுக் கோலம், உடற்கட்டு ஆகியவற்றை மேம்படுத்தச் சேவலையும் பெட்டையையும் தலைமுறைதோறும் தெரிந்தெடுத்து இணைக்கும் கால்நடை வளர்ப்பு முறை. மஞ்சள் கால் ஒடுங்கு பண்பு; தாய், தந்தை இரண்டிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும். அதற்குரிய மரபணு, தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என 2008இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆயினும் மஞ்சள் நிறமி தீவனத்திலிருந்தே சேர்வதால், வெளிறிய காலை மட்டும் பார்த்துக் கோழியைக் கழிப்பது பிழை. அசில் இனச் சேவலின் நிமிர்ந்த நிலையும் அகன்ற மார்பும் பல மரபணுக்களின் கூட்டு விளைவு. ஒரே தலைமுறையில் கைகூடா. நிறத்தேர்வு வெறும் அழகுக்கானது என்னும் மறுப்பு முழுமையானதன்று: நாட்டுக்கோழிச் சந்தையில் வண்ண இறகுக்கே மதிப்பு. சென்னை நந்தனத்தின் பெயர் தாங்கிய, ரோட் ஐலண்ட் ரெட் வழிவந்த நந்தனம் கோழி புறக்கடை வளர்ப்புக்கென உருவானது. அவ்வளர்ப்பில் நிறமும் முட்டைத்திறனும் ஒருசேரத் தேவைப்படுகின்றன.